'டை அலர்ஜி' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்

என் டிஸ்சார்ஜ் சம்மரியின் மூன்றாம் பக்கத்தில், கீழிருந்து இரண்டாவது வரியில், 'டை அலர்ஜி' என்று இரண்டே சொற்கள் இருக்கும். ஆபரேஷனில் டை, அதாவது சாயம், ஊசியாகப் போட்ட பிறகு மேஜையிலேயே என் பிபி 50-க்கு இறங்கியதும், ஒரு ராத்திரி முழுக்க செயற்கை சுவாசத்தில் கிடந்ததும் அந்த இரண்டு சொற்களுக்குள் முடிந்துவிட்டன. எந்த டை, எவ்வளவு போட்டார்கள், போட்டு எத்தனை நிமிஷத்தில் என்ன ஆனது, எதுவும் இல்லை. அதையெல்லாம் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அந்த ஐந்து மாதத்தில் பட்டது வேறு யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கொடைக்கானல் பக்கத்துப் பெருமாள்மலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார், காய்கறி லோடு. 47 வயதில் குளிக்கும்போது இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. திண்டுக்கல்லில் மேமோகிராம், அப்புறம் பயாப்ஸி. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை என்றார்கள். ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போனோம்.

அங்கே சர்ஜன் பொறுமையாகப் படம் போட்டுச் சொன்னார். மார்பிலிருந்து நிணநீர் அக்குளில் உள்ள நெறிகளுக்கு, அதாவது நிணநீர்க் கணுக்களுக்கு, வடியும். நோய் பரவினால் பெரும்பாலும் முதலில் போய் உட்காரும் இடம் அதுதான். முன்பெல்லாம் அக்குள் நெறிகளை மொத்தமாக எடுத்துவிடுவார்களாம். அப்படி எடுத்த சிலருக்குக் கை வீங்கிப்போகும், வாழ்நாள் முழுக்க வற்றாது. இப்போது மார்பில் ஒரு நீலச் சாயத்தை ஊசியால் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். சாயம் நிணநீரோடு ஓடி முதலில் எந்த நெறியில் போய் நிற்கிறதோ, அந்த ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். அதில் நோய் இல்லையென்றால் மற்றதைத் தொடுவதில்லை. "உங்களுக்குக் கைதாம்மா பிழைப்பு, அதனால இதுதான் நல்லது" என்றார். நானும் அதைத்தான் விரும்பினேன். இன்றைக்கும் அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன்.

ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது உண்மைதான். சாயத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொன்னார்கள்: ஒன்றிரண்டு நாள் சிறுநீர் பச்சையாகப் போகும், பயப்படாதீர்கள் என்று. ஒத்துக்கொள்ளாமலும் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆபரேஷன் அறைக்குள் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில் ஒன்றும் கிடையாது. இரண்டாம் நாள் மயக்க மருந்து டாக்டரம்மா என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதுதான் எனக்குத் தெரிந்தது. சாயம் போட்டுக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு, மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 88 என்று காட்டியிருக்கிறது. அதற்கு அவர் உடனே பதறவில்லை. இந்த நீலச் சாயம் ரத்தத்தில் கலந்தால் விரலில் மாட்டும் கருவி ஏமாந்துபோகுமாம். அது வெளிச்சத்தை வைத்து அளக்கிற கருவி. சாயம் அந்த வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்வதால், ஆக்சிஜன் சரியாக இருந்தாலும் குறைவாகக் காட்டும். ஆனால் அடுத்த நிமிஷம் பிபியும் சரிந்தது. அதைச் சாயத்தின் நிறத்தால் விளக்க முடியாது. பச்சைத் துணியை விலக்கிப் பார்த்தபோது வயிறு, தொடை எல்லாம் தடித்திருந்தது. வழக்கமாகத் தடிப்பு சிவப்பாக வரும். என் உடம்பில் நீலமாக வந்திருந்தது.

உடனே அட்ரினலின். கால்களை உயர்த்தி, இரண்டு கையிலும் ட்ரிப்ஸ் ஓடவிட்டு, மறுபடி மறுபடி அட்ரினலின். முதலில் காப்பாற்றுவது அட்ரினலின்தான், அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் அதற்குப் பின்னால்தான் என்று அவர் அழுத்திச் சொன்னார். பிபி நிலைக்கு வந்த பிறகு ஆபரேஷனைச் சுருக்கமாக முடித்திருக்கிறார்கள். வெளியே நின்ற வீட்டுக்காரருக்கு ஒரு மணி நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு சிஸ்டர் ஓடினார், இன்னொருவர் பின்னாலேயே ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார் என்று மட்டும் சொல்வார். அதற்கு மேல் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

மறுநாள் காலை ஐசியுவில் கண் விழித்தபோது தொண்டையில் குழாய் எடுத்த வலி. கீழே தொங்கிய பையில் சிறுநீர் பாசிப் பச்சையாக இருந்தது. போர்வையை நகர்த்தித் தொடையைப் பார்த்தேன். துணியில் சாக்பீஸால் வட்டம் போட்டு, பிறகு கையால் தட்டி அழித்தால் மங்கலாக ஒரு வளையம் நிற்குமே, அதே மாதிரி வெளிர் நீல வளையங்கள். என் தோலில் யாரோ அளவெடுத்த மாதிரி இருந்தது. சாயங்காலத்துக்குள் அவை போய்விட்டன. மார்பில் ஊசி போட்ட இடத்து நீலம் மட்டும் பல வாரம் இருந்தது. அது சாதாரணம், அதற்கும் அலர்ஜிக்கும் சம்பந்தமில்லை.

நெறியில் நோய் இல்லை. அந்த நல்ல செய்தியில் மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது.

மலைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கே ஜீப்பில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் வீட்டுக்காரர் நினைத்தார். டாக்டரம்மா தடுத்தார். இந்த மாதிரி அலர்ஜி அடங்கிய பிறகு மருந்து எதுவும் படாமலேயே இரண்டாம் தடவை கிளம்பலாம். பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் வந்துவிடும், அபூர்வமாக மூன்று நாள் வரை தள்ளியும் வந்திருக்கிறது. "டம்டம் பாறைக்கு மேல ஏறிட்டு இருக்கும்போது மூச்சு வாங்கினா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. வத்தலக்குண்டில் அக்கா வீட்டில் மூன்று நாள் தங்கினோம். இரண்டாம் தடவை எதுவும் வரவில்லை. ஆனாலும் அந்த மூன்று நாளும் நிம்மதியாகத் தூங்கினேன். பெரிய அலர்ஜி வந்தவரை மலைக்குக் கூட்டிப்போக அவசரப்படாதீர்கள். அடிவாரத்தில் ஒரு சொந்தக்காரர் வீடோ லாட்ஜோ போதும். மூச்சுத் திணறல், குரல் கம்முவது, உடம்பு முழுக்கத் தடிப்பு, தலை சுற்றிக் கண் இருட்டுவது, இதில் எது வந்தாலும் 108. வண்டி வரும்வரை படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். தண்ணீர் கொடுக்கிறேன், நடக்க வைக்கிறேன் என்று எழுப்பக் கூடாது. மூச்சு வாங்கினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம்.

ஊருக்கு வந்ததும் விசாரிக்க வந்தவர்களிடம் டை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "இனிமே தலைக்கு டை அடிக்காதே." நம் ஊரில் டை என்றால் தலைக்கு அடிக்கிற டைதானே. நானே கொஞ்ச நாள் அப்படித்தான் குழம்பினேன். சில வருஷம் முன்பு தலைச்சாயம் போட்டு நெற்றி ஓரம் அரித்தது நினைவுக்கு வந்தது. அதை டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று ராத்திரியெல்லாம் உறுத்தும்.

ரேடியேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து வயிற்று ஸ்கேனில் ஈரலில் ஒரு புள்ளி தெரிந்தது. புற்றுநோய் வந்தவருக்கு ஈரலில் புள்ளி என்றால் மனசு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாகத் தெரியப் போடுவது, அதையும் டை என்பார்கள்) போட்டு சி.டி. எடுத்தால்தான் அது என்னவென்று தெரியும் என்றார்கள். விடியற்காலை முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு திண்டுக்கல்லுக்கு இறங்கினேன். ஸ்கேன் சென்டரில் என் காகிதங்களைப் புரட்டிய டெக்னீஷியன் அந்த மூன்றாம் பக்கத்தில் நின்றார். "டை அலர்ஜின்னு போட்டிருக்கே அம்மா. எங்களால போட முடியாது." எந்த டை என்று கேட்டார். நீல டை என்றேன். பெயர் என்ன என்றார். தெரியாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காகிதத்தைப் பார்த்தால் நானும் போட்டிருக்க மாட்டேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஒன்று தோன்றியது. என் கடைக்கு யாராவது துணியைக் கொண்டுவராமல் நீல நூல் வேண்டும் என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? எந்த நீலம் என்று கேட்பேன். நூல் கண்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஷேட் நம்பரைச் சொல்லாமல் எந்தக் கடைக்காரரும் நூல் கொடுக்க முடியாது. ஒரு ரவிக்கைக்கே நம்பர் கேட்கிற நான், என் உயிர் போய் வந்த சாயத்துக்குப் பெயர் கேட்காமல் வந்திருக்கிறேன்.

அடுத்த வாரமே மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் எழுதிக் கொடுத்தேன். கேட்டது டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை, மயக்க மருந்துக் குறிப்பேட்டின் நகல். ஆபரேஷன் நடக்கும்போது எந்த மருந்து எத்தனை மணிக்கு எவ்வளவு போனது, பிபி எவ்வளவு என்று நிமிஷவாரியாக எழுதுகிற தாள் அது. முதலில் சம்மரியே போதும் என்றார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிமுறையில் இருக்கிறது என்று அக்கா மகன் சொல்லி அனுப்பியிருந்தான். அதை மரியாதையாக விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தேன். மூன்றாம் நாள் நகல் கிடைத்தது. ஆவணங்களை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. அதனால் தள்ளிப்போடாமல் சீக்கிரம் கேட்டுவிடுங்கள்.

அந்தத் தாளில்தான் முதன்முதலாகப் பெயரைப் பார்த்தேன்: ஐசோசல்ஃபான் ப்ளூ. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. அலர்ஜி வருவதற்கு முந்தைய முக்கால் மணி நேரத்துக்குள் என் உடம்பில் ஆன்டிபயாட்டிக் போயிருக்கிறது, தசையைத் தளர்த்தும் மருந்து போயிருக்கிறது, தோலில் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி தடவியிருக்கிறார்கள். இவற்றில் எது வேண்டுமானாலும் காரணமாக இருந்திருக்கலாம். அப்படியென்றால் 'டை அலர்ஜி' என்று எழுதியதே நல்ல ஊகம்தான், நிரூபணம் இல்லை.

இதை உறுதிசெய்ய வேறொரு பெரிய மருத்துவமனையின் அலர்ஜி பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் விஷயத்தைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். பிரிட்டனில் மயக்க மருந்து டாக்டர்கள் நாடு முழுக்கக் கணக்கெடுத்து 2018-ல் ஒரு அறிக்கை வெளியிட்டிருக்கிறார்கள். ஆபரேஷன் சமயத்தில் வந்த கடுமையான அலர்ஜிகளுக்குக் காரணம் என்று அடையாளம் கண்டவை மொத்தம் 199. அதில் 94 ஆன்டிபயாட்டிக், 65 தசைத் தளர்வு மருந்து, 18 குளோர்ஹெக்ஸிடின். நீலச் சாயம் நாலாவது இடம், 9. அதனால் சாயம்தான் என்று முடிவுகட்டி ஆன்டிபயாட்டிக்கைச் சோதிக்காமல் விட்டுவிட்டால், அடுத்த ஆபரேஷனில் அதே ஆன்டிபயாட்டிக்கில் மாட்டிக்கொள்ளலாம் என்றார். என் விஷயத்தில் சாயத்தின் மேல் சந்தேகம் விழ அவர் சொன்ன காரணங்கள்: தடிப்பு நீலமாக வந்தது, போட்ட உடனே வராமல் தாமதமாக வந்தது. ரத்தக் குழாயில் நேராகப் போகும் மருந்து சில நிமிஷத்தில் காட்டிவிடும். சாயம் தோலுக்கடியிலிருந்து மெதுவாக ஏறுவதால் அரை மணி வரைகூட ஆகும். ஐசோசல்ஃபானின் குறிப்புத் தாளிலேயே, போட்ட பிறகு குறைந்தது 60 நிமிஷம் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று இருக்கிறதாம். இந்தச் சாயத்தில் 100 பேரில் ஒருவர் இருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகிறது என்றும் சொன்னார்.

இன்னொன்று கேட்டார்: அன்றைக்கு ட்ரிப்டேஸ் பார்த்தார்களா? அலர்ஜி வெடிக்கும்போது சில செல்களிலிருந்து ரத்தத்தில் கலக்கிற ஒரு பொருள் அது. அலர்ஜி வந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் நாலு மணிக்குள் ஒரு தடவை, 24 மணி நேரம் கழிந்து இன்னொரு தடவை எடுத்து ஒப்பிட வேண்டும். டாக்டரம்மா முதல் ரத்தத்தை எடுத்திருக்கிறார், அளவு கூடுதலாகவே இருந்திருக்கிறது. இரண்டாவது எடுக்க ஐசியு மாற்றத்தில் விட்டுப்போயிருக்கிறது. அது எனக்கு நஷ்டமாகவில்லை, அலர்ஜி பிரிவிலேயே எடுத்து ஒப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் முதல் ரத்தத்தைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்தால், வெளியே நிற்கிறவர்கள் செய்யக்கூடிய ஒரே உருப்படியான காரியம் "ட்ரிப்டேஸுக்கு ரத்தம் எடுத்தாச்சா டாக்டர்?" என்று கேட்பதுதான்.

தோல் பரிசோதனையை அலர்ஜி வந்து நாலு முதல் ஆறு வாரம் கழித்துச் செய்வது வழக்கம். நான் ஐந்து மாதம் கழித்துப் போனாலும் பலன் கிடைத்தது. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே செட்ரிசின், அவில் மாதிரி அலர்ஜி மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்கள். சளிக்குக் கடையில் வாங்குகிற மாத்திரையிலும் அந்த மருந்து இருக்கும், அதையும் சாப்பிடக் கூடாது. கையில் ஊசி மாட்டி, அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள். முன்கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு மருந்திலும் நீர்த்த ஒரு சொட்டு, மேலே லேசாக ஒரு குத்து. 20 நிமிஷம். ஆன்டிபயாட்டிக் போட்ட இடத்தில் ஒன்றுமில்லை. தசைத் தளர்வு மருந்து, குளோர்ஹெக்ஸிடின், ஒன்றுமில்லை. ஐசோசல்ஃபான் ப்ளூவில் கொப்புளமாக எழும்பியது, சுற்றிலும் சிவந்து அரித்தது. பேட்டன்ட் ப்ளூ என்ற சாயத்திலும் எழும்பியது. இரண்டும் ஒரே குடும்பம், ஒன்று ஆகாதென்றால் மற்றதும் ஆகாது. மெத்திலீன் ப்ளூ வேறு குடும்பம். பார்வைக்கு அதுவும் நீலம்தான், எனக்கு அதில் ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் எனக்குள் இருந்த கேள்விகளையெல்லாம் கேட்டேன். தலைச்சாயம்? அந்த அரிப்பு வேறு வகை, தோலோடு நிற்பது, அதைச் சொல்லியிருந்தாலும் இந்த ஆபரேஷனில் எதுவும் மாறியிருக்காது என்றார். எத்தனையோ ராத்திரியின் பாரம் அந்த ஒரு வரியில் இறங்கியது. சி.டி.க்குப் போடுவது? அது அயோடின் கலந்த மருந்து, பேச்சுக்கு டை என்கிறார்கள், அதில் நிறமே கிடையாது, இதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. மீன், இறால் ஆகாதவர்களுக்கு சி.டி. ஊசி ஆகாது என்று சொல்வதும் தப்பு என்றார். கண் ஆஸ்பத்திரியில் விழித்திரைப் படத்துக்குப் போடுகிற மஞ்சள் சாயம் ஃப்ளூரசின், அதுவும் தனி. வெள்ளைத் துணிக்குச் சொட்டு நீலம் போட்டுப் போட்டு இது வந்திருக்குமா என்றும் கேட்டேன். யூனிஃபார்ம் தைக்கிற எனக்கு அது தினசரி வேலை. இந்தக் குடும்பத்துச் சாயங்கள் துணியிலும் அழகுப் பொருள்களிலும் சில நாடுகளில் தின்பண்டங்களிலும் இருக்கின்றன, முதலில் எங்கே பழகியது என்று யாருக்கும் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது என்றார். நான் சொட்டு நீலத்தை நிறுத்திவிட்டேன். அவர் சொல்லவில்லை, என் மனசுக்காக நிறுத்தினேன்.

அந்த ரிப்போர்ட்டோடு திண்டுக்கல் ஸ்கேன் சென்டருக்குப் போனேன். அதே டெக்னீஷியன் படித்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார். ஊசி போனதும் உடம்பெல்லாம் சூடு பரவியது, வேறொன்றுமில்லை. புள்ளி வெறும் ரத்தக்குழாய்க் கட்டி, தொந்தரவு இல்லாதது.

இப்போது என் பர்ஸில் லேமினேட் செய்த ஒரு அட்டை இருக்கிறது. ஆதார் அட்டை அளவு, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். ஐசோசல்ஃபான் ப்ளூ, பேட்டன்ட் ப்ளூ ஆகாது. வந்தது உயிருக்கு ஆபத்தான வகை, மாதம், வருஷம். பரிசோதனையில் ஆகும் என்று தெரிந்தவை: அந்த ஆன்டிபயாட்டிக்கின் பெயர், தசைத் தளர்வு மருந்தின் பெயர், மெத்திலீன் ப்ளூ. சி.டி. கான்ட்ராஸ்ட் போட்டுக்கொண்டாயிற்று. ஆகாததை மட்டும் எழுதினால் டாக்டர்கள் எல்லாவற்றுக்கும் தயங்குவார்கள். ஆகும் என்பதையும் எழுதுங்கள். வீட்டுக்காரர் போனிலும் மகள் போனிலும் அதன் படம் இருக்கிறது, ஏனென்றால் அட்டை தேவைப்படுகிற நேரத்தில் நான் பேசுகிற நிலையில் இருக்கமாட்டேன்.

போன மாதம் பண்ணைக்காட்டிலிருந்து ஒரு தங்கச்சி கடைக்கு வந்தாள். அவளுக்கும் இதே ஆபரேஷன், வேறொரு மருத்துவமனையில். முன்பக்கம் திறக்கிற மாதிரி இரண்டு ரவிக்கை தைத்துக் கொடுங்கள் அக்கா என்றாள். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையைத் தூக்க முடியாது, அதனால் முன்னால் கொக்கி வேண்டும். அளவெடுத்த பிறகு பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன்: நெறி பார்க்க என்ன சாயம் போடுவீர்கள், அதன் பெயர் என்ன? எனக்கு ஆகாவிட்டால் வேறு என்ன இருக்கிறது? நான் தினமும் சாப்பிடும் மாத்திரைகளோடு அது ஒத்துப்போகுமா?

கடைசிக் கேள்வியை எழுதும்போது அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கழுத்து இறக்கம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து மதுரையிலிருந்து போன் செய்தாள். அங்கே மெத்திலீன் ப்ளூதான் போடுவதாக இருந்தார்களாம். மனச்சோர்வுக்கு அவள் இரண்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறாள், வெட்கப்பட்டு அதை யாரிடமும் சொல்லவில்லை. தாளில் இருந்த கேள்வியைக் கேட்டதும் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வகை மாத்திரையோடு மெத்திலீன் ப்ளூ சேரக் கூடாது என்று, விசேஷ கேமராவில் ஒளிர்ந்து தெரியும் வேறு மருந்துக்கு மாற்றிவிட்டார்களாம். மருந்தின் பெயரையும் கேட்டு வைத்திருந்தாள். "இண்டோசயனின் கிரீன் அக்கா. எழுதிக்கங்க" என்றாள். ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன், ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுதிக்கொண்டேன்.